லேபிள் இல்லாத டப்பாக்கள்

அப்பா தோளில் ஓர் அட்டைப்பெட்டியைச் சுமந்தபடி மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்தார். சமையலறைத் தரையில் அதை இறக்கியதும் உள்ளேயிருந்து கடகடவென்று சத்தம் வந்தது.

"என்னப்பா அது?" என்று கேட்டாள் நண்டு.

"எனக்கும் தெரியாது," என்றார் அப்பா. "சத்தியமாத் தெரியாது."

நண்டு என்பது அவளுடைய பள்ளிக்கூடத்துப் பெயர் அல்ல. நடை பழகிய வயதில் நேராக நடக்காமல் பக்கவாட்டிலேயே நடப்பாளாம். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். பிறகு தம்பி பிறந்தான். நண்டு இருந்தால் சிண்டும் இருக்க வேண்டுமே என்று அவன் சிண்டு ஆனான். நண்டுக்கு இப்போது பத்து வயது, சிண்டுக்கு ஆறு.

சிண்டு பெட்டியைப் பிரித்தான். உள்ளே பளபளவென்று தகர டப்பாக்கள். ஒன்றின்மேலும் பெயர் இல்லை, படம் இல்லை.

"கிடங்குல கூரை ஒழுகிடுச்சு," என்றார் அப்பா. "லேபிள் எல்லாம் ஊறிக் கழண்டு போச்சு. உள்ள என்ன இருக்குன்னு தெரியாத டப்பாவை யாரு வாங்குவா? சூப்பர்வைசர் ஆளுக்கு ஒரு பெட்டி எடுத்துக்கச் சொல்லிட்டாரு."

அம்மா ஒவ்வொரு டப்பாவையும் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். துருப்பிடித்த ஒன்றையும், மூடி உப்பிப் போயிருந்த இரண்டையும் குப்பையில் போட்டார். மற்றவற்றைத் துடைத்து அடுக்கிவிட்டு, "நல்ல நேரத்துக்குத்தான் உங்க கூரை ஒழுகியிருக்கு," என்றார்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அப்பா வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். பெயிண்ட் அடிப்பவருக்கு மழை ஆகாது. இந்த முறை மழை வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அப்பா கிடங்கு வேலைக்குப் போனார். ஆனால் அங்கே சம்பளம் மாதக் கடைசியில்தான். அம்மாவின் சலவைக் கடைச் சம்பளம் வாடகைக்கே போய்விட்டது.

அரிசிப் பானையில் அடி தெரிய ஆரம்பித்திருந்தது. அம்மா தினமும் அரிசியை அளந்து போடுவார். பிறகு என்ன நினைப்பாரோ, ஒரு கைப்பிடியைத் திரும்ப எடுத்துப் பானையிலேயே போட்டுவிடுவார்.

"இனிமே தினம் ராத்திரி ஒரு ஆட்டம்," என்று அறிவித்தார் அப்பா. "ஒரு டப்பா எடுப்போம். ஆளுக்கு ஒரு தடவை ஆட்டிப் பார்க்கலாம். உள்ள என்னன்னு சரியாச் சொல்றவங்கதான் அன்னிக்கு ராஜா. சாப்பாட்டு நேரத்துல ராஜா சொல்றதுதான் சட்டம். மறுபேச்சே கிடையாது."

"அக்கா ஜெயிச்சா ராணிதானே?" என்று கேட்டான் சிண்டு.

"யாரு ஜெயிச்சாலும் ராஜாதான். அது பதவிடா."

முதல் டப்பா மேசைக்கு வந்தது. எல்லோரும் ஆட்டிப் பார்த்தார்கள்.

"கோழிக்கறி," என்றார் அப்பா.

"பட்டாணி," என்றார் அம்மா.

"காளான்," என்றாள் நண்டு.

"ஐஸ்கிரீம்," என்றான் சிண்டு.

அம்மா டப்பாவைத் திறந்தார். அன்னாசித் துண்டுகள். அன்று இரவு சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அன்னாசிதான். சிண்டுக்கு அது பிடித்திருந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

"நீ சாப்பிடலையாம்மா?" என்று கேட்டாள் நண்டு.

"நான் கடையிலேயே சாப்பிட்டுட்டேன்," என்றார் அம்மா. ஒரு தம்ளர் வெந்நீரை வைத்துக்கொண்டு அவர்களோடு பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் சிண்டு குருட்டாம்போக்கில் "சோளம்," என்றான். திறந்தால் சோளம். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா குதிரையாகி அவனைக் குழாயடிவரை சுமக்க வேண்டும் என்பது முதல் உத்தரவு. தட்டு கழுவ அம்மா தவளை மாதிரி தாவித்தான் போக வேண்டும் என்பது அடுத்தது.

"ஏன்டா, நாள் பூரா நின்னுட்டு வந்திருக்கேன்," என்றார் அம்மா.

"மறுபேச்சு கிடையாதுன்னு அப்பா சொன்னாருல்ல?"

அம்மா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு தாவியே போனார். கீழ்வீட்டிலிருந்து, "மேல என்ன இடியுது?" என்று ஒரு குரல் கேட்டது.

அதன்பின் உருளைக்கிழங்கு வந்தது, பீன்ஸ் வந்தது. யாரும் சரியாகச் சொல்லவில்லை. அம்மா மட்டும் தினமும் கடையிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தார்.

ஒருநாள் பள்ளியில் தண்ணீர்க்குழாய் உடைந்து வகுப்பெல்லாம் குளமாகிவிட்டது. மதியமே விட்டுவிட்டார்கள். வீட்டுச் சாவி அம்மாவிடம் இருந்ததால் இரண்டு பேரும் சலவைக் கடைக்குப் போனார்கள்.

வாசலுக்குப் பக்கத்திலேயே பெரிய துவைக்கும் இயந்திரம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கண்ணாடிக் கதவுக்குமுன் நின்ற சிண்டுவின் தலையும் கூடவே சுற்ற ஆரம்பித்தது. நண்டு அவனை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே சாப்பாட்டு வேளை. வேலை செய்யும் பெண்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா அந்த வரிசையில் இல்லை. மூலையில் இருந்த குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு நேராக இஸ்திரி மேசைக்குப் போய்விட்டார்.

"யாரைப் பாக்கணும் பாப்பா?" என்று கேட்டார் பெஞ்சின் ஓரத்தில் இருந்த ஓர் அக்கா. "ஓ, நீ அவங்க பொண்ணா? உங்கம்மா மாதிரி சுறுசுறுப்பான ஆளைப் பாக்க முடியாதும்மா. நாங்க சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள நாலு போர்வை தேச்சிடுவாங்க."

"அக்கா, இங்க சாப்பாடு போடுவாங்கள்ல?"

"இங்கயா?" அந்த அக்கா சிரித்தார். "இங்க ஆவிதான் போடுவாங்க. வேணுங்கிற அளவுக்கு."

நண்டு சிரிக்கவில்லை. அம்மாவிடம் சாவியை வாங்கிக்கொண்டாள். வழியெல்லாம் சிண்டு துவைக்கும் இயந்திரம் மாதிரி சுற்றிச் சுற்றி நடந்துவந்தான். அவளுக்கு அந்தக் கைப்பிடி அரிசி ஞாபகமாகவே இருந்தது. தினமும் பானைக்குத் திரும்பிப் போன அந்தக் கைப்பிடி யாருடைய சாப்பாடு என்று இப்போது புரிந்தது.

அன்று இரவு அவள் தன் தட்டில் பாதியை அப்படியே வைத்தாள். "எனக்குப் போதும்மா. நீ சாப்பிடு."

"வளர்ற புள்ள இப்படியா சாப்பிடுறது?" என்று அம்மா அதை வழித்துச் சிண்டுவின் தட்டில் போட்டுவிட்டார். சிண்டு கண் இமைப்பதற்குள் அதைக் காலி செய்துவிட்டான்.

இது சரிப்படாது என்று நண்டுக்குத் தெரிந்துவிட்டது. நேராகக் கேட்டாலும் அம்மா பசியே இல்லை என்பார். அம்மாவால் மறுத்துப் பேச முடியாத ஓர் ஆள் சொன்னால்தான் நடக்கும். அப்படி ஓர் ஆள் வீட்டில் இருந்தார். ராஜா.

ஆனால் நண்டு இதுவரை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. ஏன் ஜெயிக்கவில்லை என்று படுத்துக்கொண்டே யோசித்தாள். அப்பா எப்போதும் கோழிக்கறி என்றார், அவருக்கு அது பிடிக்கும். அவளுக்குக் காளான் பிடிக்கும், அதனால் காளான் என்றாள். எல்லோரும் தங்களுக்கு வேண்டியதைத்தான் சொன்னார்கள். டப்பா என்ன சொல்கிறது என்று யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை.

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் டப்பாக்களைத் தரையில் பரப்பினாள். ஒவ்வொன்றாகக் காதோடு வைத்து மெல்ல ஆட்டினாள்.

சிண்டு வாசலில் நின்று பார்த்தான். "அக்கா, டப்பாவோட போன் பேசுறியா?"

"ஆமா. சத்தம் போடாதே."

"யாரு பேசுறா?"

"சோளம்னு நினைக்கிறேன்."

சோளம் ஜெயித்த நாளில் கேட்ட சத்தம் அவளுக்கு நினைவிருந்தது. மணல் சரிவதுபோல் சரசரவென்று இருந்தது. அன்னாசியில் தண்ணீர் அதிகம், களுக் களுக் என்றது. பீன்ஸ் டப்பா கனமாக இருந்தது, கொழகொழவென்று மெதுவாக நகர்ந்தது. உருளைக்கிழங்கு மட்டும் பெரிய பெரிய உருண்டையாக லொடக் லொடக் என்று டப்பாவின் சுவரில் மோதியது. ஒரே மாதிரி பேசியவற்றை ஒன்றாக அடுக்கினாள். எதிலும் சேராதவை கடைசியில் தனியாக நின்றன.

சிண்டுவும் ஒன்றைக் காதில் வைத்தான். "ஹலோ," என்றான். "எனக்கு யாரும் பதில் சொல்லல."

அன்று இரவு லொடக் லொடக் டப்பாக்களில் ஒன்றை மேசையில் வைத்தாள் நண்டு.

"கோழிக்கறி," என்றார் அப்பா.

"பட்டாணி," என்றார் அம்மா.

"கேக்," என்றான் சிண்டு.

"உருளைக்கிழங்கு," என்றாள் நண்டு. அவளுடைய காது சூடாகிவிட்டது. தப்பாகப் போனால் இன்னொரு நாள் காத்திருக்க வேண்டும். அந்த இன்னொரு நாளும் அம்மா தண்ணீர் குடித்துவிட்டுப் போர்வை தேய்ப்பார்.

டப்பா திறந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று உருளைக்கிழங்குகள்.

"ராஜா நண்டு," என்று அப்பா வணங்கி நின்றார். "என்ன உத்தரவு?"

"அம்மாவுக்குத் தட்டு வைக்கணும். முதல்ல அம்மாவுக்குத்தான் போடணும். எங்க எல்லாருக்கும் போடுற அதே அளவு."

"நான்தான் கடையிலேயே..." என்று அம்மா தொடங்கினார்.

"மறுபேச்சு கிடையாது," என்றான் சிண்டு. தவளையாகத் தாவ வைத்தவன் அல்லவா, சட்டம் அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அம்மா நண்டைப் பார்த்தார். நண்டு வேறு பக்கம் பார்க்கவில்லை. அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த விளையாட்டு மெல்லக் கழன்றது. எழுந்துபோய் நான்காவது தட்டை எடுத்துவந்து வைத்தார். அவரே பரிமாறினார்.

அம்மா முதல் வாயை மெதுவாகச் சாப்பிட்டார். இரண்டாவது வாயும் மெதுவாகத்தான். மூன்றாவது வாய்க்குப் பிறகு யாரையும் பார்க்காமல் வேகமாகச் சாப்பிட்டார். தட்டு காலியானதும்தான் நிமிர்ந்தார்.

"இப்படிச் சாப்பிட்டா சம்பளம் வர்றவரைக்கும் அரிசி தாங்காது," என்றார், மெல்லிய குரலில்.

"தாங்கும்மா," என்றாள் நண்டு. அம்மாவை அடுக்கிவைத்த டப்பாக்களிடம் கூட்டிப்போனாள். "இதெல்லாம் உருளைக்கிழங்கு. இது பீன்ஸ். இதைச் சாப்பிட்டா வயிறு நிறையும், சோறு கொஞ்சம் போதும். அன்னாசியெல்லாம் இங்க. அதைச் சோத்துக்கு வெக்க வேணாம், சாயங்காலம் தின்னுக்கலாம்."

அம்மா ஒரு டப்பாவை எடுத்து ஆட்டிப் பார்த்தார். இன்னொன்றையும் ஆட்டினார். "அட ஆமாங்க," என்றார் அப்பாவிடம். "வேற வேற சத்தம்."

"நல்லாருக்கே," என்றார் அப்பா. "எல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் எனக்கு எப்போ கோழிக்கறி வரும்?"

மறுநாள் காலையில் அம்மா அரிசியை அளந்தபோது, கைப்பிடி ஏதும் பானைக்குத் திரும்பவில்லை. கூடவே இன்னொன்றும் நடந்தது. சலவைக் கடைக்குக் கிளம்பும்போது ஒரு சிறிய சாப்பாட்டு டப்பா அவர் பைக்குள் போனது. உள்ளே பீன்ஸ். மூடியை அழுத்தி மூடியவர் அப்பா.

அதன்பின் எல்லா நாளும் நண்டே ராஜாவானாள். எல்லா நாளும் ஒரே உத்தரவு. சம்பளத்துக்கு முந்தைய இரவுதான் சிக்கல். தெரிந்த டப்பாக்கள் தீர்ந்துவிட்டன. எதிலும் சேராதவற்றில் ஒன்றுதான் மிச்சம். நண்டு எவ்வளவு ஆட்டியும் அது பிடிகொடுக்கவில்லை.

"பட்டாணி," என்றாள் அரைமனதாக.

"பழம்," என்றான் சிண்டு, ஆட்டிக்கூடப் பார்க்காமல்.

உள்ளே பழக்கலவை. மஞ்சளும் சிவப்புமாக மின்னியது. சிண்டு நாற்காலியில் ஏறி நின்றான். "நான்தான் ராஜா," என்றான். அவன் கண் டப்பாவைவிட்டு நகரவில்லை.

நண்டு அவனையே பார்த்தாள். ஒரு டப்பாப் பழத்தை ஒற்றை ஆளாகத் தின்னக்கூடியவன் அவன். சட்டப்படி யாரும் தடுக்க முடியாது.

சிண்டு வெகுநேரம் யோசித்தான். எச்சிலை விழுங்கினான்.

"அம்மாவுக்கு முதல்ல," என்றான். "அப்புறம் எல்லாருக்கும் அதே அளவு." பிறகு ஒரு பெருமூச்சு விட்டான். "ஆனா அந்தச் சாறு மட்டும் ராஜாவுக்கு."

அப்பா சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது.

மறுநாள் சாயங்காலம் சம்பளத்தோடு வந்த அப்பா இரண்டு பை நிறையக் காய்கறி வாங்கிவந்தார். கூடவே ஒரு கோழியும். அம்மா அதைக் குழம்பாக்கினார். வாசனை கீழ்வீடுவரை போனது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். ராஜா என்று யாரும் இல்லை, உத்தரவு என்று எதுவும் இல்லை.

அம்மா தன் தட்டைத் தானே எடுத்து வைத்துக்கொண்டார். நன்றாகப் பிசைந்து சாப்பிட்டார். முடித்துவிட்டு விரலையும் ஒருமுறை சுவைத்தார்.

"நண்டு, அந்தக் கரண்டிய இங்க தள்ளு," என்றார். "எனக்கு இன்னும் கொஞ்சம் வேணும்."