பிணம் புரண்டு படுத்தது!

அந்தச் சவ வண்டி குதித்துக் குதித்து வந்தது.

ஆட்டுக்குட்டி மாதிரி!

நீளமான கறுப்பு வண்டி. பின்பக்கக் கண்ணாடிக்குள் சவப்பெட்டி. அதன் மேல் ஒரு கொத்து லில்லிப் பூ. வண்டி குதிக்கும்போதெல்லாம் பூங்கொத்தும் எழும்பி... மறுபடி பெட்டி மேலேயே 'பொத்'தென்று விழுந்தது.

சோம்போர் நகரத்தின் கல்லறைச் சாலை. லியூபின்காவின் கார் ஒர்க்‌ஷாப் வாசலில் 'க்றீச்' என்று நின்றது வண்டி.

இறங்கியவன் திஹோமிர். சவ அடக்க கம்பெனியின் முதலாளி. கறுப்பு கோட், கறுப்பு டை... வெளுத்துப் போன முகம்.

"லியூபின்கா! சீக்கிரம் வந்து பாரு! கல்லறையில பாதிரியார் காத்துக்கிட்டு இருக்காரு!"

லியூபின்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஐம்பது வயது, ஆறடி உயரம். அவளிடம் திட்டு வாங்காத கார் அந்த ஊரில் கிடையாது. கார்க்காரனும் கிடையாது.

"உள்ள யாரு?"

"போகோல்யூப்."

"ஐஸ்கிரீம் கடைக்காரரா! முந்தாநாள் கூட என்கூட சண்டை போட்டாரேய்யா... நல்லாத்தானே இருந்தாரு?"

"ஹார்ட் அட்டாக். நீ வண்டியப் பாரும்மா!"

மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அரைக்கால் டிராயரும் ரப்பர் செருப்புமாக ஒருவன் உட்கார்ந்து, சீஸ் வைத்த பூரெக் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான்.

பெயர் நெடெல்கோ. போன வாரம்தான் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த போலீஸ் இன்ஸ்பெக்டர். இன்று லீவு. காருக்கு ஆயில் மாற்ற வந்திருந்தான்.

அவன் யாரென்று திஹோமிருக்குத் தெரியாது!

லியூபின்கா வண்டியைப் பெட்டியோடு சேர்த்தே லிப்டில் தூக்கினாள். அடியில் புகுந்தாள். டார்ச் அடித்தாள்.

"அட!"

"என்ன... என்ன?"

"பின் சக்கரத்துக்கிட்ட ஒரு கனெக்டர் தொங்குது. பின்னாடி வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்குன்னு அளக்கற சென்சாரோடது. அது சொன்னாத்தான் சஸ்பென்ஷன் பாரத்துக்கு ஏத்த மாதிரி காத்தை ஏத்தும், இறக்கும். சொல்ல ஆளில்லைன்னா வண்டி குழம்பிப் போய்க் குதிக்கும்."

"கல்லு பட்டு அறுந்துடுச்சா?"

"அறுந்தாத்தானே? லாக்கை இழுத்து, கையால கழட்டியிருக்காங்க!"



"கழ... கழட்டியிருக்காங்களா? யாரு?"

"எனக்கென்ன ஜோசியமா தெரியும்?"

லியூபின்கா கனெக்டரில் ஸ்ப்ரே அடித்தாள். அழுக்கைத் துடைத்தாள். பின்கள் வளையவில்லை என்று பார்த்துக்கொண்டு சாக்கெட்டில் வைத்து அழுத்தினாள்.

'க்ளிக்!'

லாக்கைத் தள்ளினாள். வண்டியைத் தரைக்கு இறக்கி, டேப்லெட்டைச் சொருகி, இன்ஜினை ஓடவிட்டாள்.

'உர்ர்ர்ர்...'

வண்டியின் பின்பக்கம் மெல்ல எழுந்தது. திரையில் இடது, வலது இரண்டும் ஒரே உயரம்.

"முடிஞ்சுது. கிளம்..."

நிறுத்தினாள்.

இடது பக்கம் தாழ்ந்தது.

யாரும் வண்டியைத் தொடவில்லை!

காற்று ஏறிச் சரி செய்தது. அடுத்த நொடி... வலது பக்கம் தாழ்ந்தது!

"யோவ் திஹோமிர்..."

"எ... என்ன?"

"உன் பிணம் புரண்டு படுக்குதுய்யா!"

"சென்சார் கோளாறு!"

"இப்பத்தான் என் கையால மாட்டினேன். கோளாறா? பல்லைப் பேத்துடுவேன்!"

அப்போதுதான் பெட்டிக்குள்ளிருந்து அந்தச் சத்தம்...

"அ... அ... அச்ச்ச்சூ!"

நெடெல்கோவின் கையிலிருந்த பூரெக் தரையில் விழுந்தது.

"நா... நான்தான் தும்மினேன்!" என்றான் திஹோமிர்.

"வாயைத் திறக்காமலேயா?" நெடெல்கோ எழுந்தான். "அக்கா, அந்த ஸ்க்ரூ கன்னைக் கொண்டாங்க."

"நீ யாருடா கேக்கறதுக்கு?" திஹோமிர் சீறினான்.

நெடெல்கோ டிராயர் பாக்கெட்டிலிருந்து அடையாள அட்டையை எடுத்தான். சீஸைத் துடைத்துவிட்டுக் காட்டினான்.

திஹோமிரின் முகத்தில் ஈயாடவில்லை.

'டர்ர்ர்... டர்ர்ர்...' நீள நீளமாக ஆறு ஸ்க்ரூக்கள் கழன்றன.

மூடி திறந்தது.

இறந்துபோன போகோல்யூப் எழுந்து உட்கார்ந்தார்! புது சூட். தொப்பலான வியர்வை. கையில் பாதி கடித்த சாசேஜ்.

"வந்தாச்சா? இதான் சூரியகாந்தி வயலா?" என்று கண்ணைக் கசக்கினார். "ஐயோ... லியூபின்கா! நீ என்னைப் பார்க்கலன்னு வெச்சுக்கயேன்..."

"பார்த்துட்டேனே! பக்கத்துல இன்ஸ்பெக்டரும் பார்த்துட்டாரே!"

போகோல்யூப் சாசேஜை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"சார்... எல்லாம் என் பொண்டாட்டி ராட்மிலா போட்ட பிளான் சார். நான் செத்துட்டதா பொய் சர்டிபிகேட்டுக்கு திஹோமிர் ஏற்பாடு பண்ணுவான். வழியில வயல்ல என்னை இறக்கி விட்டுட்டு, மணல் மூட்டைய வெச்சுப் புதைச்சுடுவான். இன்சூரன்ஸ் பணம் வந்ததும் மூணு பங்கு. நான் கடற்கரைப் பக்கம் போய்..."

"ஒரு நிமிஷம்." லியூபின்கா குறுக்கிட்டாள். "சூரியகாந்தி வயல் ஊருக்கு அந்தக் கோடியில இருக்கு. இது கல்லறைக்குப் போற ரோடு."



"வண்டியில மணல் மூட்டையும் இல்லையே?" என்றான் நெடெல்கோ.

போகோல்யூப் ஸ்க்ரூக்களைப் பார்த்தார். திஹோமிரைப் பார்த்தார். சாசேஜ் நழுவி விழுந்தது.

"டேய்... சும்மா பேருக்கு ரெண்டு குட்டி ஸ்க்ரூன்னு சொன்னியேடா? அப்ப... என்னை நெஜமாவே..."

திஹோமிர் பாய்ந்தான்! டிரைவர் சீட்டுக்குள் விழுந்தான். கியரைப் போட்டான். வண்டி வாசல் மேட்டில் ஏறியது.

"ஐயோ, நான் இன்னும் உள்ள இருக்கேன்டா!" போகோல்யூப் அலறினார்.

லியூபின்கா அவசரப்படவில்லை. டேப்லெட்டில் ஒரே ஒரு இடத்தைத் தொட்டாள்.

'புஸ்ஸ்ஸ்ஸ்...!'

நாலு சக்கரத்துக் காற்றுப் பைகளும் இறங்கின. சவ வண்டி சேற்று எருமை மாதிரி வாசல் மேட்டில் வயிறு பதியப் படுத்துவிட்டது. இன்ஜின் உறுமியது. டயர் புகைந்தது. ஓர் அங்குலம் நகரவில்லை!

நெடெல்கோ, திஹோமிரை டையைப் பிடித்தே வெளியே இழுத்தான்.

அதே நேரம்... வாசலில் ஒரு டாக்ஸி.

"ஏன் இன்னும் வண்டி வரல? கல்லறையில எல்லாரும்..." என்றபடியே இறங்கினாள் ராட்மிலா. கறுப்பு கவுன், முகத்தில் கறுப்பு வலைத்திரை, கறுப்பு லேஸ் கையுறை.

பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த கணவனைப் பார்த்தாள்.

"வீஈஈல்ல்!"

"கத்தாதடி! உன் கூட்டாளி என்னை உயிரோட புதைக்கப் பார்த்தான்!"

"என்... என்னங்க சொல்றீங்க? எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க..."

லியூபின்காவின் பார்வை அவள் கையில் நின்றது. லேஸ் கையுறையின் விரல் நுனிகளில்... கிரீஸ்!

"அந்தக் கனெக்டரைக் கழட்டினது நீங்கதானாம்மா?"

ராட்மிலா கையைப் பின்னுக்கு இழுத்தாள்.

போகோல்யூப்பின் கண்ணில் நீர் முட்டியது. "ராட்மிலா... நீயா? வண்டிய நிறுத்தி என்னைக் காப்பாத்தினது நீயா? என் தங்கமே!"

திஹோமிர் வெடித்தான்.

"துரோகி! புருஷனைப் புதைச்சுட்டு நாம கல்யாணம் பண்ணிக்கலாம்னு நீதானேடி சொன்னே? காலையில கம்மல் விழுந்துடுச்சுன்னு சக்கரத்துக்கிட்ட குனிஞ்சியே... இதுக்குத்தானா? கடைசி நேரத்துல அவன் மேல இரக்கப்பட்டுட்டே!"

"இரக்கமா? எனக்கா?" ராட்மிலா பொங்கிவிட்டாள். "அவரோட சேர்ந்து நீயும் ஒழியணும், மொத்தப் பணமும் எனக்கே வரணும்னு... பிரேக் ஒயர்னு நினைச்சுத்தான்யா அதைப் புடுங்கினேன்!"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நெடெல்கோ ஸ்டேஷனுக்கு போன் போட்டான்.

"மூணு பேர் இருக்காங்க. பெரிய வண்டியா அனுப்புங்க. ஆமாம்... பிணமும் உட்கார்ந்துதான் வரும்."

போகோல்யூப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குமுறினார்.

"இருபது வருஷமா தலைபாடா அடிச்சுக்கறேன் சார், இவளுக்குக் காரைப் பத்தி ஒரு இழவும் தெரியாதுன்னு!"

நெடெல்கோ அவர் தோளில் தட்டினான்.

"தெரிஞ்சிருந்தா இன்னிக்கு உங்களுக்குத்தான்யா இழவு!"