கூப்பிடக் கூடாத இடம்

செந்தூலிலிருந்து கோல சிலாங்கூர் காரில் ஒன்றேகால் மணி நேரம்தான். அதற்கு எனக்கு மூன்று வருஷமாக நேரம் வாய்க்கவில்லை.

"அங்க மலையில குரங்கு நம்ம கையிலேருந்து பயத்தங்காய் வாங்குமாம்பா, எப்பப்பா போறோம்?" என்று என் மகள் தாமரை காரில் பின்னால் உட்கார்ந்து என் சீட்டை உதைப்பாள். நான் திட்டுவேன். ஓவர்டைம் இருக்கு, அடுத்த வாரம் என்பேன். எட்டு வயதில் டெங்கி அவளைக் கொண்டு போனது. கடைசியில் சாம்பலாகத்தான் அந்த ஊருக்குக் கொண்டு போய், ஆறு கடலில் சேரும் இடத்தில் கரைத்தேன். நானெல்லாம் ஒரு அப்பன்!

வருஷம் திரும்பியதும் மனைவி உஷாராணி, "அவ ஆசப்பட்ட மாதிரி ஒரு நாள் போய்ட்டு வந்துருவோம்" என்றாள்.

கிளம்பும்போதே கண்டித்துச் சொன்னேன். "அங்க அவ பேரச் சொல்லிக் கூப்பிட்றாத. கரைச்ச இடத்துல கூப்பிட்டா பின்னாலயே வந்துரும்னு ஐயர் சொன்னாருல்ல?"

வெள்ளைக் கலங்கரை விளக்கம், பழைய பீரங்கிகள், கீழே கடல். ஊர் அழகாகத்தான் இருந்தது. குரங்குகள் உஷாவின் கையிலிருந்து பயத்தங்காயைப் பதமாக வாங்கிக்கொண்டன. ஒரு குட்டி மட்டும் அவள் பக்கத்தில், யாருமே இல்லாத இடத்தில், கையை நீட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றது.

உஷா பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. காற்றில் சேற்று வாடை. அவசரமாகக் கார்க் கதவைத் திறந்தேன்.

"தாமரை, வா லா, லேட்டாச்சு!"

சொன்னது நான்தான். ஊருக்குத்தானே உபதேசம்.

உஷா என்னையே பார்த்தாள்.

கார் நகர்ந்ததும் மணி அடித்தது. பின்சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று எச்சரிக்கும் மணி.

திரும்பிப் பார்த்தேன். சீட்டு காலி.

மணி நிற்கவில்லை.

"வயரிங் கெட்டுப்போச்சு போல" என்றேன்.

"நிறுத்துங்க."

உஷா மழையில் இறங்கினாள். பின்கதவைத் திறந்து, என் சீட்டுக்குப் பின்னாலிருந்த காலி இடத்தில் பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

மணி நின்றது.

வழியில் ஈஜோக் ஊரைத் தாண்டினோம். அப்போதுதான் என் முதுகில் மெல்ல ஓர் உதை விழுந்தது.

இன்னொன்று.

கண்ணீர் ரோட்டை மறைத்தது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

உஷா திரும்பாமலே கிசுகிசுத்தாள்.

"திட்டிறாதீங்க."