கிணுகிணிக்கு ஒரு மூச்சு

மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருந்தாள். வாயை இறுக மூடி, மூக்கை இரண்டு விரலால் பிடித்து, கண்ணில் நீர் கோக்கும் வரைக்கும். அப்படியும் மணி அடித்தது. ஒரே ஒரு முறை, மெல்லிய கண்ணாடியை நகத்தால் தட்டினால் வருமே, அந்த மாதிரி. கிண்.

"சனியனே!" என்று ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் போட்டாள்.

காலையிலிருந்து இது பதினோராவது தடவை. வீடியோ கேம்கள் வெளியாகும் முன் அவற்றில் பிழை தேடுவது அவள் வேலை. நாளெல்லாம் விளையாடுவதற்குச் சம்பளமா என்று உறவுக்காரர்கள் கேலி பேசுவார்கள். ஒருநாள் வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

இந்த விளையாட்டில் கிணுகிணி என்று ஒரு பிராணி. ஜப்பான்காரர்கள் வாசலில் தொங்கவிடும் கண்ணாடிக் காற்றுமணியைப் பார்த்து வரைந்தது. கவிழ்த்த கண்ணாடிக் கிண்ணம்தான் தலை. கண் கிடையாது, வாய் கிடையாது. உள்ளே ஒரு நாக்கு, நாக்கின் நுனியில் நூல், நூலில் ஒரு நீளக் காகிதத் துண்டு. விளையாடுகிறவரின் மூச்சு மைக்கில் விழுந்தால் காகிதம் ஆடும், மணி அடிக்கும், குருட்டுக் கிண்ணம் அந்தப் பக்கம் திரும்பும். மூன்று முறை அடித்தால் ஆள் காலி. பிடிபட்டதற்கு அடையாளம், கிண்ணத்தின் உட்புறத்தில் மெதுவாக ஆவி படிவது. ரத்தம், அலறல் எதுவும் கிடையாது. மூச்சை அடக்கினால் தாண்டிப் போய்விடலாம் என்பது விதி. அந்த விதியைத்தான் அது மதிக்கவில்லை.

காற்று மைக்கில் படக்கூடாது என்று ஃபேனை நிறுத்தி, ஜன்னல்களைச் சாத்தி, கதவிடுக்கில் துணி அடைத்திருந்தாள். வெளியே உச்சிவெயில். முதுகில் ரவிக்கை ஒட்டியது. சூடேறிய கம்ப்யூட்டரிலிருந்து வெந்த தூசி வாடை வந்தது. காற்று என்று ஒன்று அந்த அறையில் இல்லவே இல்லை, அலமாரிமேல் கிடந்த காகிதம்கூட அசையவில்லை. கேட்டது ஒரே சத்தம்தான், அடுத்த அறையிலிருந்து மகளின் இழுப்பு.

ஏழு வயது. வீட்டில் வாலு என்று பெயர். போன மாதம் இழுப்பு அதிகமாகி நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அன்றிலிருந்து தூக்கத்திலும் ஒரு காதை அந்தச் சத்தத்துக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தாள் அம்மா. உள்ளே போகும்போது ஒரு விசில், வெளியே வரும்போது கடைசியில் ஒரு சின்ன நடுக்கம். ஆயிரம் பிள்ளைகளுக்கு நடுவிலும் அதை அடையாளம் சொல்லிவிடுவாள்.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். வாலு பீரோக் கண்ணாடியில் வாயை வைத்து ஊதி, படிந்த ஆவியில் விரலால் பூனை வரைந்துகொண்டிருந்தாள். இரண்டு காது, இரண்டு கண், ஒரு பக்க மீசை. மறுபக்கம் போடுவதற்குள் ஆவி மறைந்துவிடும். எப்போதும் அப்படித்தான்.

"ச்சே, இன்னிக்கும் அரை மீசைப் பூனைதான்" என்றாள் வாலு.

போன் அடித்தது. கணக்கு வாத்தியார். நிஜ வாத்தியார் இல்லை, இந்த விளையாட்டுக்கு நிரல் எழுதுகிறவன். எந்தத் தப்பைக் காட்டினாலும் தப்பு உங்களுடையதுதான் என்று நிரூபிப்பதால் அவள் வைத்த பெயர் அது.

"மேடம், உங்க பதிவு பாத்தேன். மணி அடிச்சப்ப மைக்ல மூச்சு விழுந்திருக்கு. நீங்க விட்டதுதான்."

"நான் மூக்கைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கேங்க!"

"அப்ப பாப்பாவோட மூச்சா இருக்கும். இழுப்பு எனக்கே போன்ல கேக்குது."

"இந்த மைக் ஒரு சாணுக்கு மேல எதையும் எடுக்காது. நீங்கதானே வாங்கிக் குடுத்தீங்க?"

"அஞ்சு மணிக்கு கேம் வெளிய போயாகணும் மேடம். பிழை இல்லைன்னு போட்டு மூடிடறேன்."

செவிடன் காதில் ஊதிய சங்கு. அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

"பாப்பாவும் மூச்சை அடக்கி, அப்பவும் அடிச்சா?"

"அடிச்சா நம்பறேன். லைன்லயே இருக்கேன், உங்க திரை எனக்குத் தெரியுது."

ஒரு நிமிடம் யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள். இழுப்புக்காரப் பிள்ளை. ஆனால் கோபம் யோசிக்க விடுமா? பத்து எண்ணுவதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றியது.

"வாலு, இங்க வா. ஒரு விளையாட்டு. அம்மா பத்து விரல் மடக்கற வரைக்கும் மூச்சை அடக்கணும். நான் விடுன்னு சொன்னாத்தான் விடணும்."

"ஜெயிச்சா?"

"ஜெயிச்சா... பூனைக்குட்டி."

"நிஜமாவா? பூனை முடி எனக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரே!"

"நிஜமா. உக்காரு."

வாலு இடது பக்கம் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, கன்னங்களை பலூனாக ஊதிக்கொண்டாள். அம்மா ஹெட்போனை மாட்டி, தானும் மூச்சை அடக்கினாள்.

வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. இழுப்புகூட இல்லை. அது இல்லாத வீடு எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது. ஒரு விரல் மடக்கினாள். இரண்டு. திரையில் இருட்டு வாசல், வாசலில் கிணுகிணி. காகிதம் அசையாமல் தொங்கியது. திரையின் ஓரத்தில் மூச்சைக் காட்டும் கோடு தட்டையாக ஓடியது.

நான்காவது விரலில் கோடு எழுந்தது. காகிதம் ஆடியது. கிண்.

மாட்டினான் வாத்தியார்! அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தாள். வாலு கன்னத்தை ஊதியபடி, ஜெயிக்கப் போகிற பெருமையோடு கண்ணை உருட்டினாள்.

ஆறு. ஏழு. ஹெட்போனில் ஏதோ கேட்டது. வெகு அருகில்.

ஒரு விசில். கடைசியில் ஒரு சின்ன நடுக்கம்.

கிண்.

அவள் கை அப்படியே நின்றது. பக்கத்தில் வாலு. வாய் மூடியிருந்தது. கன்னம் உப்பியிருந்தது. மார்பு அசையவில்லை. ஆனால் காதுக்குள் அந்த இழுப்பு, இழுத்து, விட்டது. கண்ணாடிக் கிண்ணம் திரும்பியது. அவள் பக்கம் இல்லை. இடது பக்கம். ஸ்டூல் இருந்த பக்கம்.

"விடு!" என்று கத்தினாள்.

அவள் கத்தலில் காகிதம் படபடத்தது.

கிண்.

"விடு செல்லம். போதும். ஜெயிச்சுட்ட. விடு."

வாலு விடவில்லை.

கன்னத்தைப் பிடித்து அழுத்தினாள். கல். தோளை உலுக்கினாள். கண்கள் திறந்திருந்தன. சிரிப்பு அப்படியே இருந்தது. வாயைப் பிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. மூக்கருகே விரலை வைத்தாள். ஒன்றுமில்லை.

"பூனைக்குட்டி வாங்கித் தரேன்டி! விடுடி!"

கழுத்தில் சரிந்திருந்த ஹெட்போனில் இழுப்பு சீராக வந்துகொண்டிருந்தது. விசில். நடுக்கம். விசில். நடுக்கம். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு கிண்.

மேசைமேல் போன் பேசியது.

"பாத்தீங்களா மேடம், பாப்பா மூச்சுதான். எவ்ளோ தெளிவா கேக்குது பாருங்க. நான் மூடிடறேன்."

திரையில் கிண்ணத்தின் உட்புறம் மெல்ல வெளுத்தது. ஆவி படிந்தது. அந்த ஆவியில், உள்ளிருந்து, ஒரு சின்ன விரல் கோடு இழுத்தது. இரண்டு காது. இரண்டு கண். ஒரு பக்க மீசை.

விரல் ஒரு கணம் நின்றது. ஆவி மறையவில்லை.

அவசரமே இல்லாமல், மறுபக்க மீசையையும் அது போட்டு முடித்தது.