அட்டை கடிக்காத கால்

காலை 8.40. காவல்காரர் சோலைமலை முகாம் அறையைத் திறந்தார். மனுவைக் காணவில்லை.

மூன்று தோட்டத்து ஜனங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கைநாட்டு வைத்த மனு. திருகோணமலைத் துறைமுகத்தை விட்டு வெள்ளைக்காரக் கடற்படை கிளம்பியதும், அவர்கள் ஓய்வெடுக்க மஸ்கெலியா மேட்டில் கட்டியிருந்த முகாமும் காலியாகிவிட்டது. இனி அது பிரசவ ஆஸ்பத்திரியா, உல்லாச ஹோட்டலா? பத்து மணிக்கு வருவாய் அதிகாரி டி.ஆர்.ஓ. வந்து முடிவு செய்வார். மனு இல்லையென்றால் ஹோட்டல்தான்.

முந்தின நாள் மாலை அதை அங்கே வைத்துப் பூட்டச் சொன்னவள் ராக்காயி. நிறைமாத மருமகளை வீட்டில் வைத்துக்கொண்டு, கைநாட்டுக்காகத் தொழிலாளர் குடியிருப்புகளில் லயம் லயமாக ஏறி இறங்கியவள்.

"மொதலாளி, ஹட்டன் ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலதான் போன வருஷம் மகளப் பறிகொடுத்தேன். இவளையும் விட்ருவனா?" என்று மளிகைக் கடை ஹலீமிடம் புலம்பினாள்.

ஹலீமுக்கு ஊர் வம்பு என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். உடனே அறைக்குள் புகுந்தார். பூட்டு உடையவில்லை. பின் சன்னல் கொக்கி மட்டும் கழன்றிருந்தது. வெளியே சரிவில் முழங்கால் உயரத்துக்கு ஈரப் புல். சன்னல் கட்டையில் ஏதோ வெள்ளைப் பிசுக்கு. ஈர விரலால் தேய்த்து மோந்து பார்த்தார். உற்சாகம் தலைக்கேறியது.

9.10. சோலைமலையின் கால்களில் அட்டைக்கடி; ரத்தம் வழிந்தது.

"புல்லுக்குள்ள ஏன் போனீங்க?" என்று கேட்டார் ஹலீம்.

"சன்னல் தெறந்து கெடந்துச்சுங்க. திருடன் அந்தப் பக்கம் ஓடியிருப்பான்னு எறங்கித் தேடுனேன்."

"பொய்! சாவியும் இவன்கிட்ட, கடியும் இவன் கால்ல," என்றான் ஹோட்டல்காரரின் ஏஜெண்டு இராமையா. கூட்டத்துக்கு வந்தவன் தூறலில் தோள் நனைய நின்றான். கக்கத்தில் மடக்கிய குடை.

"நீங்க எப்படி வந்தீங்க?" ஹலீம் அவன் பக்கம் திரும்பினார்.

"ரோட்டு வழியா."

"புல்லுல கால் வைக்கலியே?"

"வைக்கவே இல்ல."

"அப்ப கால்சட்டையத் தூக்குங்க. ராக்காயி அக்கா, அந்த வாளித் தண்ணிய அவரு கால்ல ஊத்துங்க."

முழங்காலிலிருந்து நுரை பொங்கி வழிந்தது. கூட்டம் ஓவென்று கத்தியது.

"அவசரத்துல எறங்குனவனத்தான் அட்டை கடிக்கும்," என்றார் ஹலீம். "திட்டம் போட்டு எறங்குறவன் அட்டை ஒட்டாம சவுக்காரச் சோப்பப் பூசிக்கிட்டுத்தான் எறங்குவான். எல்லாரும் ரத்தம் வழிஞ்ச காலையே பாத்தீங்க! சன்னல் கட்டையிலயும் இதே சவுக்காரம்தான். இவ்வளவு தூறல்லயும் விரிக்காத குடையைக் கொஞ்சம் விரிங்க, ஐயா."

குடைக்குள்ளிருந்து மனு பொத்தென்று விழுந்தது.

10.00. டி.ஆர்.ஓ. கைநாட்டுகளைத் தாள் தாளாகப் புரட்டினார். பேனாவைத் திறந்தார்.

"ஆஸ்பத்திரிதான். எத்தனை கட்டில் வேணும்?"

ராக்காயி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். யாரோ ஓடி வந்து அவள் காதில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

"மத்ததெல்லாம் அப்புறம் போடுங்க, ஐயா. இப்ப ஒன்னு போடச் சொல்லுங்க. மருமகளுக்கு வலி கண்டிருச்சு."