பதிலாள் கேட்ட மன்னிப்பு

கோயம்புத்தூரில் இப்போதெல்லாம் யாரும் நேரில் போய் மன்னிப்புக் கேட்பதில்லை. அதற்குப் பதிலாட்கள் இருந்தார்கள். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மகள் வீட்டுக்குப் படியேறிக்கொண்டிருந்த சென்னியப்பனை, எதிரே வந்த காவலாளி ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

“ஏனுங்கய்யா, லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது?”

“அது ஓடும் தம்பி. அதுக்குள்ள போனா எனக்குத்தான் மூச்சு ஓடாது.”

பதிலாள் என்பது ஒளியால் ஆன ஆள். மனப்புண்ணோடு வருகிறவரைச் சிகிச்சை அறையில் உட்காரவைத்து, புண்படுத்தியவரை எதிரே வரவழைப்பார்கள். அதே முகம், அதே குரல், பேச்சுக்கு நடுவே மூக்கைத் தேய்க்கிற பழக்கம்கூட அதேதான். ஒரே வித்தியாசம், இந்த ஆள் காது கொடுத்துக் கேட்பார். திட்டினால் வாங்கிக்கொள்வார். எதிரில் இருப்பவர் கொட்டித் தீர்த்த பிறகு, செய்த தப்பை மழுப்பாமல் சொல்லி மன்னிப்புக் கேட்பார். தூக்கமின்மை, படபடப்பு, மூடிய இடத்தில் வரும் பீதி என்று மாத்திரைகள் ஆற்றாத எத்தனையோ புண்களை அந்தச் சிகிச்சை ஆற்றியிருந்தது. புண்படுத்தியவரிடம் சட்டம் கேட்டதெல்லாம் சம்மதமாக ஒரு கைரேகை மட்டுமே.

சென்னியப்பன் அந்தக் கைரேகையை முடிவெட்டும் கடை நாற்காலியில் இருந்தபடியே வைத்தவர். பல வருடம் பேசாத மகள் வேனிலின் பெயர் கைபேசியில் வந்ததும் நெஞ்சு திக்கென்றது. படித்துப் பார்த்தால், நீங்கள் வரவேண்டியதில்லை, விரலை வைத்தால் போதும் என்று இருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று விரலை அழுத்திவிட்டு, கிருதாவைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்.

வேனிலுக்குச் சின்ன வயதிலிருந்தே மூடிய இடம் ஆகாது. லிஃப்ட் என்றால் உடம்பு விறைத்துப்போவாள். இது ஒரு நோய், மருத்துவர்கள் கையைப் பிடித்துப் பையப் பையப் பழக்குவார்கள் என்று அவள் அம்மா சொல்லிப் பார்த்தாள். சென்னியப்பனிடம் சொந்த வைத்தியம் இருந்தது. முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தனியாக லிஃப்டுக்குள் தள்ளிப் பொத்தானை அழுத்தினார். இரண்டு மாடிக்கு நடுவில் மின்சாரம் போயிற்று. சாவியோடு ஓடிவந்த லிஃப்ட்காரரைக் கை நீட்டித் தடுத்தவரும் அவர்தான்.

“கொஞ்ச நேரம் கத்தட்டும். தெளிஞ்சுரும்” என்றார்.

கதவு திறந்தபோது பிள்ளையின் நகங்கள் பிய்ந்திருந்தன என்று அவள் அம்மா பிறகு சொன்னாள். அதற்கப்புறமும் அவர், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், “சும்மா நடிக்கிறா” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். படிப்பு முடிந்த கையோடு வேனில் வீட்டை விட்டுப் போனாள்.

போன மாதம் முதுகுவலிக்காக அவரை ஸ்கேன் குழாய்க்குள் படுக்கவைத்தார்கள். மூக்குக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் கூரை. மூச்சு முட்டிக் கத்தினார். “கொஞ்ச நேரம் கத்துவாரு, பழகிரும்” என்று வெளியே யாரோ யாரிடமோ சொன்னது ஒலிபெருக்கி வழியாக உள்ளே கேட்டது. பட்டால்தான் தெரியும் என்பார்கள். அவருக்குப் பட்டது. பெற்ற பிள்ளைக்கு இதையா செய்தேன் என்று அந்தக் குழாய்க்குள்ளேயே அழுதார். அன்றிலிருந்து லிஃப்ட் பக்கம் போவதில்லை.

கதவைத் திறந்த வேனில் முகமெல்லாம் சிரிப்பாக வரவேற்றாள். “வாங்கப்பா. சொல்லியிருந்தா நானே கீழ வந்திருப்பனே” என்று மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

சென்னியப்பன் டம்ளரைக் கீழே வைத்தார்.

“அம்மிணி, அன்னைக்கு லிஃப்ட்ல உன்னைய…”

“அதெல்லாம் முடிஞ்சுபோச்சுங்கப்பா. நீங்கதான் மன்னிப்புக் கேட்டுட்டீங்களே.”

“நான் எங்க கேட்டேன்?”

“சிகிச்சை ரூம்ல. என்ற கையக் காட்டச் சொல்லி, ஒவ்வொரு நகமாப் பாத்துப் பாத்து அழுதீங்க. அன்னைக்கே மன்னிச்சுட்டனுங்க.”

சென்னியப்பன் அந்த நகங்களை ஒருநாளும் பார்த்தவரில்லை. இப்போது பார்த்தார். அழகாகச் சாயம் பூசியிருந்தாள்.

“அது நானில்ல கண்ணு. மெஷினு.”

“தெரியுமுங்கப்பா. ஆனா எனக்கு ஆறுனது நெசம். இப்பத் தெனமும் லிஃப்ட்லதான் போய் வாறேன்.”

“நான் உன்ற நல்லதுக்குன்னு நெனச்சுத்தான்…” என்று ஆரம்பித்தவர், நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வேனில் கோபப்படவில்லை. “சிகிச்சை ரூம்ல வந்தவரு அந்த வார்த்தைய ஒருக்காகூடச் சொல்லலீங்க” என்றாள்.

“என்னையத் திட்டு அம்மிணி. வாய் நெறையத் திட்டு.”

அப்பாவுக்காக அவள் உண்மையாகவே முயன்றாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். “தேடிப் பாக்கறனுங்கப்பா. உள்ள ஒண்ணுமே இல்லீங்க. எல்லாத்தையும் அவருகிட்டயே குடுத்துட்டேன்.”

தன் இடத்தில் உட்கார்ந்து, தனக்கு வரவேண்டிய திட்டையும் அழுகையையும் வாங்கிக்கொண்டு போய்விட்ட அந்த ஒளி மனிதன்மேல் சென்னியப்பனுக்குப் பொறாமை வந்தது. அவன்மேல் என்ன தப்பு? இடத்தை விட்டுக்கொடுத்தவர் இவர்தானே. அன்று ஒரே ஒரு நடை நேரில் போயிருக்கலாம்.

“உங்களுக்குத்தான் இப்பக் கஷ்டமா இருக்குது. எனக்குச் சிகிச்சை பண்ணுன ருக்சானா டாக்டரை நீங்களும் பாருங்கப்பா. என்ற பதிலாளுக்கு இப்பவே சம்மதம் குடுத்தர்றேன்” என்றாள் வேனில். ஒரு கையால் வாழைப்பழத்தை எடுத்து வைத்துக்கொண்டே, மறு கையால் கைபேசியில் விரலை வைத்தாள். கண் இமைப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. சென்னியப்பனுக்கு முடிவெட்டும் நாற்காலி ஞாபகம் வந்தது.

மருத்துவர் ருக்சானா வேனிலின் பழைய அமர்வுப் பதிவுகளிலிருந்து பன்னிரண்டு வயது வேனிலை உருவாக்கினார். மறுவாரம் சிகிச்சை அறையின் கதவு மூடியதும், ரெட்டைச் சடையும் பள்ளிச் சீருடையுமாகப் பிள்ளை எதிரே வந்து நின்றது. கைகளைப் பின்னால் மறைத்திருந்தது.

“அப்பா! கதவத் திறக்கச் சொல்லுங்கப்பா! மூச்சு முட்டுதுங்கப்பா!”

அன்று லிஃப்ட் கதவுக்கு வெளியே நின்று கேட்ட குரலை, முதல் தடவையாக அவர் உள்ளே இருந்து கேட்டார். சட்டை வியர்வையில் நனைந்து ஒட்டியது. ஆனாலும் நாற்காலியைவிட்டு எழவில்லை. பிள்ளை கத்தக் கத்தக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஐயா, உங்க நாடித்துடிப்பு ரொம்ப ஏறுது. நிறுத்திரட்டுங்களா?” என்றது வெளியிலிருந்து மருத்துவரின் குரல்.

“வேண்டாமுங்க. கொஞ்ச நேரம் கத்தட்டும்.”

சொன்ன பிறகுதான், எப்போதோ சொன்ன அதே வார்த்தை என்று அவருக்கு உறைத்தது. இந்தத் தடவை அவருக்கு அந்தக் கத்தலை முழுக்கக் கேட்க வேண்டியிருந்தது.

இயந்திரத்துக்கு அது எங்கே தெரியும்? நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவரைக் குணமாக்குவதுதான் அதன் வேலை. இன்றைய நோயாளி சென்னியப்பன். பிள்ளையின் கத்தல் மெல்லத் தேய்ந்து நின்றது. அது கண்ணைத் துடைத்துக்கொண்டு கைகளை முன்னால் நீட்டியது. நகங்களில் ஒரு கீறல்கூட இல்லை.

“பரவாயில்லீங்கப்பா” என்றது. “என்ற நல்லதுக்குன்னு நெனச்சுத்தானே செஞ்சீங்க?”

“இல்ல கண்ணு, கத்து” என்று கெஞ்சினார் சென்னியப்பன். “நிறுத்தாத, இன்னும் கத்து.”

பிள்ளை சிரித்துக்கொண்டே நின்றது. அறைக் கதவு தானாகத் திறந்தது.

“மொத அமர்வுலயே நல்ல முன்னேற்றமுங்கய்யா” என்றார் மருத்துவர்.