மன்னிப்புப் பட்டியல்

அந்தத் தெருவை அன்று மாலை கடந்த நாற்பது பேருக்கும் காவல்துறை ஒரே கேள்வியை அனுப்பியது: நகைக்கடைக்காரரை அடித்துப் போட்டுப் பையைப் பறித்தது நீங்களா? முப்பத்தொன்பது பேரின் நிழலிகள் ‘நாங்கள் இல்லை’ என்றன. ஞானசுந்தரத்தின் நிழலி மட்டும் மன்னிப்புக் கேட்டது.

‘தவறு முழுக்க என்னுடையதுதான். உங்கள் மனம் எவ்வளவு புண்பட்டிருக்கும் என்று புரிகிறது. இனி நடக்காது.’

பதினோரு நொடியில் வழக்கைத் துலக்கியதற்காக ஆய்வாளருக்குப் பதக்கம் கிடைத்தது. நிழலி என்பது சட்டைக் காலரில் குத்திக்கொள்ளும் மிளகளவுக் கருவி. உடையவருக்குப் பதிலாகப் பேசும், கடிதம் எழுதும், சமாளிக்கும். அதன் சொல் உடையவரின் சொல்லே என்கிறது சட்டம். பை கிடைக்கவில்லை. அடிபட்டவர் அடித்தவனின் முகத்தையே பார்க்கவில்லை. இருந்தும் ஞானசுந்தரத்துக்கு ஐந்தாண்டுச் சிறை.

அவன் மனைவி வளர்மதி ஒரு நாள்கூடச் சந்தேகப்படவில்லை. “யார் முகம் வாடுனாலும் மன்னிப்புக் கேட்டுருவாரு. மனசு அப்படி” என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். எட்டு மாதம் சிறைவாசலில் வாரம் தவறாமல் நின்றாள். மேல்முறையீட்டுக்கு வக்கீல் கஸ்தூரிரங்கனைப் பிடித்ததும் அவள்தான்.

“உங்க வீட்டுக்காரர் பிரமாணப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுட்டாரும்மா. நிழலியோட பழைய பதிவைத் திறக்கணும். வீட்டு ஆள் சம்மதம் வேணும்” என்றார் அவர். அவள் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள்.

விசாரணை நாளில் வக்கீல் அங்கியை உதறிக்கொண்டு எழுந்தார்.

“மாட்சிமை தங்கிய ஆயமே! பதினோரு ஆண்டுகளில் இந்த நிழலி கேட்ட மன்னிப்புகள் நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் ஒன்றைக்கூட என் கட்சிக்காரர் கேட்கவில்லை. ‘எவன் குறை சொன்னாலும் மன்னிப்புக் கேட்டுரு, என்னைக் கூப்பிடாதே’ என்பதுதான் அவர் அதற்கு இட்ட உத்தரவு. பக்கத்து வீட்டுக்காரர் மழையைக் குறை சொன்னார். மழைக்கும் மன்னிப்புக் கேட்டிருக்கிறது.”

மன்றம் சிரித்தது. வளர்மதியும் சிரித்தாள்.

“அடுத்து, இணைப்பு ஒன்பது. மனைவியைக் கன்னத்தில் அறைந்ததற்கான மன்னிப்புக் கடிதம். மூன்று பக்கம். நிழலி எழுத எடுத்துக்கொண்ட நேரம் நாலு நொடி. அப்போது என் கட்சிக்காரர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அறைந்தேன், வருந்தவில்லை, கடிதம் என்னுடையதல்ல என்று சத்தியம் செய்து எழுதிக்கொடுத்திருக்கிறார்.”

வக்கீல் ஏற்ற இறக்கத்தோடு கடிதத்தை வாசித்தார். வளர்மதிக்கு அது மனப்பாடம். அன்று பெட்டி கட்டி வாசல்வரை போனவள் அவள். அதைப் படித்துவிட்டுத்தான் புடவைகளை ஒவ்வொன்றாக மறுபடி பீரோவில் அடுக்கினாள். ‘இந்தக் கையை நானே வெறுக்கிறேன்’ என்ற வரி வந்ததும் பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அரைமணியில் தீர்ப்பு. சாட்சியம் போதாது, விடுதலை. “எட்டு மாதச் சிறைவாசத்துக்கு இம்மன்றம் ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கிறது” என்று நீதியரசரின் காலரிலிருந்து குரல் வந்தது. நீதியரசர் அதற்குள் சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டார்.

வெளியே ஞானசுந்தரம் பொருமினான். “பாத்தியா வளர்? பதினோரு வருசம் கூடவே வெச்சிருந்தேன். கழுத்தறுத்துருச்சு!”

“அந்தக் கடுதாசி...”

“அட, அது எப்பவோ நடந்தது. நீயும்தான் மன்னிச்சிட்டேன்னு பதில் போட்டுட்டியே. உன் நிழலி என்னமா எழுதுது!”

“எனக்கு ஏதுங்க நிழலி? அது நான் எழுதுனது. ராத்திரி பூரா உக்காந்து, கையால.”

அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

கழுத்தில் மாலையோடு வந்த வக்கீலை வளர்மதி நிறுத்தினாள். “சார், அந்தப் பிரமாணப் பத்திரத்துல இருக்கறது அவரு போட்ட கையெழுத்துத்தானே?”

“சந்தேகமே வேணாம்மா. பிரமாணத்துக்கு மட்டும் நிழலி போட்டா செல்லாது. என் முன்னாடி, அவர் கையால போட்டது.”

“என்னை அறைஞ்சதுக்கு அது போதுமான சாட்சியா?”

வக்கீல் ஒரு கணம் யோசித்தார். தொழில் பெருமை முந்திக்கொண்டது. “என் சர்வீஸ்ல இவ்வளவு கெட்டியான சாட்சியம் பாத்ததில்லம்மா. நானே தயார் பண்ணுனது!”

“நகல் ஒண்ணு குடுங்க.”

ஞானசுந்தரம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பதினோரு ஆண்டுகளாகச் சொல்லிப் பழகாத வார்த்தை நாவுக்கு வரவில்லை. அவள் ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு நகலை மடித்து எடுத்துக்கொண்டு, எதிர்ச்சாரியில் இருந்த காவல் நிலையத்துக்குச் சாலையைக் கடந்தாள்.