பலகைக்கு அப்பால்

தட்டும் ஓசை கடல் பக்கமிருந்து வந்தது.

ஹில்கே மரச்சம்மட்டியோடு அப்படியே நின்றாள். ஃப்ரீஸ்லாந்துக் கடல் அணையில், ஆடுகளும் வண்டிகளும் போய்வரும் அந்த ஒரே இடைவெளியில், அவளும் தம்பி யெல்மரும் சற்று முன்புதான், ஏறிவரும் கடலைத் தடுக்க, பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி ஆப்பு அடித்திருந்தார்கள். "உன் நோவா வந்திருந்தா ஒரு பலகையாவது தூக்கியிருப்பாராக்கா?" என்று சீண்டிவிட்டு, கசிவு பார்க்க அவன் அணையின் மேலேறிப் போயிருந்தான். மாலை நான்கு மணிக்கே வெளிச்சம் வடிந்துகொண்டிருக்க, காற்றில் உப்பும் அழுகிய பாசியும், அவற்றோடு அந்தக் கரையில் எங்கும் இல்லாத, மரக்கலங்களுக்குப் பூசும் கீலின் வாசனையும் கலந்து வந்தன.

மறுபடி மூன்று தட்டு.

"அக்கா, வழுக்கி இந்தப் பக்கம் விழுந்துட்டேன். மேல் பலகைய மட்டும் எடு."

யெல்மரின் குரல்தான். ஆனால் அடித்த ஆப்பைத் தண்ணீர் இறங்கும்வரை எவரும் தொடக்கூடாது. அவள் முதுகுக்குப் பின்னால் நாற்பது வீடுகள்.

ஒன்பது வருடங்களாக அவள் பிரளயக் கதைகளை ஒப்பிட்டு எழுதிவந்தாள். பாபிலோனியக் கதையில் கப்பலின் கதவை அடைத்தவன் வெளியே நின்றுவிடுகிறான். நோவாவின் கதவைக் கடவுளே சாத்துகிறார். கிரேக்கத் தம்பதி பெட்டிக்குள் மிதக்கிறார்கள். மனுவின் படகை மீன் இழுத்துப்போகிறது. தெய்வங்கள் மாறின, மலைகள் மாறின. வெளியே நின்று தட்டியவர்களைப் பற்றி மட்டும் எல்லாக் கதைகளும் ஒன்றுபோல வாய்மூடியிருந்தன.

பலகையின் விளிம்பில் விரல்கள் ஏறின. நான்கு. எட்டு. பன்னிரண்டு.

ஒருவனுக்கு இத்தனை விரல்கள் இல்லை.

அடித்தாள். எலும்பு நொறுங்கியது. மறுபடி அடித்தாள். நகங்கள் தெறித்தன. ரத்தம் வரவில்லை, கீல்தான் கசிந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக நழுவின.

தூரத்தில், அணையின் உச்சியில், யெல்மரின் விளக்கு ஆடியபடி வந்தது. உயிரோடுதான் இருந்தான். அவளுக்கு அழுகை வந்தது.

அப்போது கடல் பக்கப் புல்லிலிருந்து கைகள் எழுந்தன. அணையின் நீளத்துக்கும். அவன் கணுக்காலைப் பற்றின. விளக்கு சுழன்றது. அந்தப் பக்கம் விழுந்து அணைந்தது.

அலை மட்டும். வெகுநேரம் அலை மட்டும்.

பிறகு, பலகைக்கு அப்பால், மூச்சு வாங்கும் சத்தம்.

"அக்கா. சத்தியமா நான்தான்."

விளிம்பில் விரல்கள். இந்த முறை நான்கே நான்கு. நடுங்கின.

ஹில்கே சம்மட்டியை அந்த விரல்கள்மேல் இறக்கினாள்.

சூடான ரத்தம் அவள் உதட்டில் தெறித்தது. விரல்கள் விடவில்லை. சம்மட்டி மறுபடி மேலே போனது.